“பரவாயில்லம்மா, கத்துக்கோ!” - பம்மல் பேத்தியும் ஒரு ஆரஞ்சுப் பழமும்

“ஏண்டி, ஆரஞ்சுப் பழத்துக்கு வலிக்குமா?”

பம்மலில் ஒரு சின்ன வாடகை வீடு. ராத்திரி ஒன்பதரை மணி. பக்கத்திலேயே விமான நிலையம் என்பதால், விமானச் சத்தம் வரும்போதெல்லாம் இந்த வீட்டில் பேச்சு அரை நிமிடம் நின்று பிறகு தொடரும். இன்றும் அப்படித்தான். சத்தம் அடங்கியதும் ஆயா மறுபடியும் கேட்கிறார், “சொல்லுடி, வலிக்குமா?”

பேத்தி நிமிரவில்லை. எதிரே ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் நாலு ஆரஞ்சு. கையில் சிரிஞ்ச், அதில் வெறும் தண்ணீர். தசையில் போடும் ஊசிக்கு 90 டிகிரி, தோலுக்கு அடியில் போடுவதற்கு 45 டிகிரி என்று முணுமுணுத்தபடி ஒவ்வொரு பழமாகக் குத்திக்கொண்டிருக்கிறாள். பி.எஸ்ஸி நர்சிங் இரண்டாம் ஆண்டு. வீட்டிலேயே முதல் பட்டப்படிப்பு அவளுடையதுதான்.

ஆரஞ்சுக்கு வலிக்காது. அதனால்தான் மாணவர்கள் முதலில் அதில் குத்திப் பழகுகிறார்கள். ஆனால் அன்று மதியம் அவள் குத்தியது ஆரஞ்சை அல்ல.

மூன்று முறை

கிளினிக்கல் போஸ்டிங்குக்காக அவர்கள் கல்லூரியிலிருந்து ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஆண்கள் வார்டு. கட்டில்களுக்கு நடுவே ஆள் நடக்கவே இடமில்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவருக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். கையில் போட்டிருந்த வென்ஃப்ளான் வீங்கிவிட்டது, மாற்ற வேண்டும். வார்டு நர்ஸ் பத்து வேலைகளுக்கு நடுவே இவளைப் பார்த்து, “நீ போடும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஸ்கில் லேபில் பிளாஸ்டிக் கையில் இருபது முறையாவது போட்டிருப்பாள். அந்தக் கையில் ரத்தக்குழாய் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே நூறு பேர் குத்திய ஓட்டைகளே வழிகாட்டும். இங்கே இருந்தது வெயிலிலும் வேலையிலும் காய்ந்த ஒரு கிழவரின் கை. ரத்தக்குழாய் கண்ணுக்குத் தெரிகிறது, தொட்டால் நழுவுகிறது. வயதானவர்களுக்குத் தோலை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் குத்த வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தாள். கை நடுங்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

முதல் முறை, ரத்தம் வரவில்லை. இரண்டாம் முறை வந்தது, வந்த வேகத்தில் தோலுக்கு அடியில் நீலமாகக் கட்டிக்கொண்டது. மூன்றாம் முறையும் தவறியபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவர் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும், “பரவாயில்லம்மா, கத்துக்கோ. எங்களை வெச்சுத்தானே கத்துக்கணும்?” என்றார்.

பிறகு வார்டு நர்ஸ் வந்தார். இன்னொரு கையைத் தொட்டுப் பார்த்து, ஒரே குத்தில் போட்டுவிட்டுப் போனார். யாரும் இவளைத் திட்டவில்லை. பெரியவரும் புகார் சொல்லவில்லை. அவள் மதியம் கொண்டுபோன புளிசாதத்தைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

டப்பா கனமாக இருப்பதைப் பார்த்து ஆயா விசாரிக்க, முழுக்கதையும் வந்தது. பேத்தி அழுதாள். ஆயா சமாதானம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த மனுஷன்கிட்ட, ‘தாத்தா, நான் படிக்கிற பொண்ணு, போடட்டுமா’ன்னு முதல்ல கேட்டியா?”

கேட்கவில்லை.

நாகல்கேணிப் பக்கம் தோல் ஷெட்டுகளில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் ஆயா. சர்க்கரையும் பிரஷரும் வந்த பிறகு அரசு மருத்துவமனைகளில் மணிக்கணக்காக வரிசையில் நின்றவர். வெள்ளை கோட் போட்ட பத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போன அனுபவம் அவருக்கு உண்டு. “நாம என்ன, கடையில இருக்கிற கத்திரிக்காயா?” என்று அன்றைக்கு வீட்டில் வந்து சொன்னதை இன்னும் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

பூசணிக்காயும் துணிப் பொம்மையும்

இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததல்ல. மருத்துவம் என்ற ஒன்று இருக்கும் காலத்திலிருந்தே இருக்கிறது. முதல் முறை செய்யாமல் யாரும் நூறாவது முறை செய்ய முடியாது. அந்த முதல் முறை யாருடைய உடம்பில்?

பழைய இந்திய அறுவை மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதையில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. எவ்வளவு படித்திருந்தாலும் கைப்பழக்கம் இல்லாதவன் சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்பது அதன் கருத்து. வெட்டிப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி போன்ற காய்களை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ரத்தக்குழாயைத் துளைக்கப் பழக, இறந்த விலங்குகளின் ரத்தக்குழாயும் தாமரைத் தண்டும். கட்டுப் போட்டுப் பழக, துணியால் செய்த ஆள் பொம்மை. பம்மல் வீட்டின் ஆரஞ்சுப் பழம் அந்த வரிசையில் வருவதுதான்.

பிரான்சில் 18-ம் நூற்றாண்டில் ஆஞ்செலிக் து குத்ரே என்ற மருத்துவச்சி இருந்தார். கிராமங்களில் பிரசவத்தின்போது தாயும் பிள்ளையும் சாவதைத் தடுக்க, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கும்படி மன்னர் பதினைந்தாம் லூயி 1759-ல் அவரை நியமித்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குப் புத்தகத்தால் என்ன பயன்? அவர் துணியாலும் பஞ்சாலும் ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதியைத் தைத்தார். உள்ளே ஒரு துணிக் குழந்தை. தலை திரும்பாமல் கால் முதலில் வந்தால் என்ன செய்வது என்பதை அந்தப் பொம்மையில் செய்து காட்டி, ஒவ்வொருவரையும் செய்ய வைத்தார். ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு போய், பல வருடங்கள் இதையே செய்தார்.

நம் காலத்துக்கு வந்தால், நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்கும் சி.பி.ஆர் பயிற்சிப் பொம்மை. பள்ளியிலோ அலுவலகத்திலோ நீங்களும் பார்த்திருக்கக்கூடும். அதைச் செய்தவர் நார்வேயைச் சேர்ந்த ஆஸ்மண்ட் லேர்டால் என்ற பொம்மை வியாபாரி. தண்ணீரில் மூழ்கிய தன் சின்ன மகனைச் சரியான நேரத்தில் காப்பாற்றியவர் அவர். 1960-ல் அவர் கொண்டுவந்த அந்தப் பொம்மைக்கு ஓர் இளம்பெண்ணின் அமைதியான முகத்தை வைத்தார். பாரிஸின் சேன் ஆற்றில் இறந்து கிடந்த, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகம் அது என்று சொல்லப்படுகிறது. அந்தக் கதை உண்மையோ இல்லையோ, உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் அந்த முகத்தை வைத்துத்தான் உயிர் காக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இன்றைய ஸ்கில் லேப்கள் இந்தப் பொம்மைகளின் பெரிய வீடு. இந்தியாவில் எம்.பி.பி.எஸ் பாடத்திட்டம் 2019-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து மாற்றப்பட்டபோது ஸ்கில் லேப் கட்டாயமானது. பி.எஸ்ஸி நர்சிங் படிப்பும் 2021-22 கல்வியாண்டு முதல் செமஸ்டர் முறைக்கு மாறியபோது இதற்கென்று நேரம் ஒதுக்கப்பட்டது. பிளாஸ்டிக் கை, மூச்சு விடும் பொம்மை, அழும் குழந்தைப் பொம்மை என்று எல்லாம் வந்துவிட்டன. தவறு செய்தால் பொம்மை மன்னித்துவிடும். ரீசெட் பட்டனை அமுக்கினால் மறுபடி உயிர் வரும்.

தேர்வு முறையும் மாறியிருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஹார்டன் 1975-ல் அறிமுகப்படுத்திய முறை அது. ஒரு ஹாலில் வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை: பிரஷர் பார்ப்பது, கட்டுப் போடுவது, நோயாளியிடம் விவரம் கேட்பது. மணி அடித்ததும் மாணவர் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். கை கழுவினாரா, பெயரைக் கேட்டாரா, அனுமதி கேட்டாரா என்று ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். ‘ஆஸ்கி’ என்று மாணவர்கள் சொல்லும் இந்தத் தேர்வு இப்போது நம் ஊர்க் கல்லூரிகளிலும் சாதாரணம்.

ஆமாம், ‘அனுமதி கேட்டாரா?’ என்பதற்கு அதில் மதிப்பெண் உண்டு. அந்த மதிப்பெண்ணை இந்த பம்மல் மாணவியும் வாங்கியிருக்கிறாள். பிளாஸ்டிக் கையிடம், “சார், உங்களுக்கு ஐ.வி போடப்போறேன், சரியா?” என்று ஒப்பித்து வாங்கிய மதிப்பெண். நிஜமான வார்டில், நிஜமான மனிதர் முன்னால் அந்த வரி வாயில் வரவில்லை.

பம்மலும் நடிப்பும்

பொம்மை வலிக்கிறது என்று சொல்லாது, பயப்படாது, பொய் சொல்லாது. நோயாளி இதெல்லாம் செய்வார். அதை எப்படிப் பழகுவது?

ஹோவர்ட் பாரோஸ் என்ற அமெரிக்க நரம்பியல் டாக்டர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மருத்துவத் தேர்வுகளுக்காகப் பலமுறை பரிசோதிக்கப்பட்ட ஒரு நோயாளி, ஒருநாள் அவரிடம் ஒரு ரகசியம் சொன்னாராம். தன்னிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்ட ஒரு டாக்டருக்குப் பாடம் புகட்ட, அறிகுறிகளை வேண்டுமென்றே மாற்றிக் காட்டிவிட்டாராம்! ஒருவரால் நோயை இவ்வளவு துல்லியமாக நடிக்க முடியும் என்றால், அதையே பாடமாக்கினால் என்ன என்ற எண்ணம் பாரோஸுக்கு வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1963-ல் அவர் ஓவியர்களுக்கு மாடலாக இருந்த ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, கால்கள் செயலிழந்த நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்தார். மாணவர்கள் அவரைப் பரிசோதித்தார்கள். முடிந்ததும் அந்தப் பெண், நீ எப்படி நடந்துகொண்டாய் என்று மாணவரைப் பற்றிச் சொல்வார். அப்போது பலர் இதைக் கேலி செய்தார்கள். மருத்துவக் கல்வியா, சினிமா ஷூட்டிங்கா என்றார்கள். இன்று உலகம் முழுக்க மருத்துவ, நர்சிங் கல்லூரிகளில் நடிப்பு நோயாளிகள் இருக்கிறார்கள்.

நடிப்பைக் கேலி செய்வது பம்மலுக்குப் புதிதல்ல. ‘மனோகரா’ படம் பார்த்தவர்களுக்கு, அதன் மூல நாடகத்தை எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார் என்பது தெரிந்திருக்கும். ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்த அவர், நாடகம் என்றாலே குடும்பத்தினர் முகம் சுளித்த காலத்தில், 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர், பிறகு நீதிபதி. படித்தவர்களும் பதவியில் இருப்பவர்களும் மேடையேறலாம் என்று நடந்து காட்டியவர். 1959-ல் பத்ம பூஷண் பெற்றார். இன்னொருவர் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கும் பழக்கம் நடிகருக்கு மட்டுமல்ல, நர்ஸுக்கும் டாக்டருக்கும் தேவை என்பதை மருத்துவக் கல்வி ஒப்புக்கொள்ள இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

அதே பம்மலில், அந்த ஆரஞ்சு ராத்திரிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு நாடகம் அரங்கேறியது. பேத்திக்கு வகுப்பில் ரோல் பிளே இருந்தது. சர்க்கரை நோயாளியிடம் விவரம் கேட்டு, மாத்திரை பற்றி விளக்க வேண்டும். வகுப்புத் தோழி நோயாளியாக நடித்தபோது எல்லாம் சுலபமாக முடிந்தது. கேட்ட கேள்விக்குப் பதில், கூடவே சிரிப்பு. வீட்டில் ஆயா, “நான் நடிக்கிறேன் வா” என்று பாயை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

“மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?”

“சாப்பிடறேனே.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

“இனிப்பு?”

“ஐயோ, தொடுறதே இல்ல.”

பேத்தி நோட்டில் எழுதிக்கொண்டாள். ஆயா சிரித்தார். “எழுதிட்டியா? எல்லாம் பொய்யி. ராத்திரி மாத்திரைய வாரத்துல ரெண்டு நாள் மறந்துடுவேன். நேத்துகூட பக்கத்து வீட்டு கேசரி சாப்ட்டேன். நீ பேனாவப் புடிச்சிக்கிட்டு போலீஸ்காரி மாதிரி கேட்டா எவ உண்மைய சொல்லுவா? திட்டுவியோன்னு பயம் இருக்காதா?”

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்த முறை பேனா இல்லை. “நிறைய பேருக்கு ராத்திரி மாத்திரை மறந்துபோகும். உங்களுக்கு எப்படிம்மா?” என்று பேத்தி கேட்டாள். ஆயா, “அட, இது கேள்வி” என்றார். குறை சொல்லாமல், பலருக்கும் நடப்பதுதான் என்று ஆரம்பித்துக் கேட்பது நோயாளியிடம் பேசும் கலையில் முக்கியமான பாடம். பேத்தி அதை வகுப்பில் படித்திருந்தாள். புரிந்தது பாயில் உட்கார்ந்தபோதுதான்.

டீ, சாப்பாட்டில் சேருமா?

இரண்டாவது காட்சி, ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்வது. “நாளைக்குக் காலையில சாப்பிடாம வாங்கம்மா” என்றாள் பேத்தி. ஆயா உடனே, “சரி, டீ குடிக்கலாமில்ல?” என்றார்.

இது நடிப்பு இல்லை. சில மாதங்களுக்கு முன் ஆயா உண்மையிலேயே டீ குடித்துவிட்டுப் பரிசோதனைக்குப் போய், திரும்பி வந்தவர். “டீதானே குடிச்சேன், சாப்பிடலையே” என்பது அவர் வாதம். நம் ஊரில் டீயும் காபியும் சாப்பாடு இல்லை. சாப்பாடு என்றால் சோறு, போனால் போகட்டும் என்று இட்லி. சர்க்கரை போட்ட டீ குடித்துவிட்டுப் போய், அளவு கூடுதலாகக் காட்டி, தேவையில்லாமல் பயந்தவர்கள் எத்தனை குடும்பங்களில் இருக்கிறார்கள்!

மாணவர்கள் படிப்பது ஆங்கிலத்தில். நோயாளி பேசுவது தமிழில், அதிலும் அவரவர் ஊர்த் தமிழில். ‘மயக்கம்’ என்று ஒருவர் சொன்னால் அது தலைச்சுற்றலா, கண் இருட்டுவதா, நினைவு தப்பியதா என்று மூன்று முறை கேட்க வேண்டும். ‘கேஸ் ட்ரபிள்’ என்று சொல்வது சில நேரம் மாரடைப்பாக இருந்துவிடும். ஊசி போடும்போது எல்லோரும் ‘நரம்பு கிடைக்கல’ என்கிறோம். பாடப்புத்தகத்தில் அது சிரை; நரம்பு வேறு. இந்த இரண்டு மொழிகளுக்கு நடுவே பாலம் போட யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும்.

170 வருடங்களுக்கு முன்பே அதைப் பற்றி யோசித்த ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியபடியே உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு மருத்துவம் கற்றுக்கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில். பிறகு, தமிழ் மக்களுக்கு வைத்தியம் செய்யப்போகிறவர்கள் தமிழிலேயே படிப்பதுதான் சரி என்று முடிவெடுத்து, தானும் தமிழ் கற்று, 1860-களில் தமிழ் வழியிலேயே வகுப்பு எடுத்தார். உடற்கூறு, பிரசவம், அறுவை சிகிச்சை, வேதியியல் என்று பல துறை நூல்களைத் தன் மாணவர்களோடு சேர்ந்து தமிழுக்குக் கொண்டுவந்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று அவற்றுக்குத் தலைப்புகள். 1884-ல் தன் சொந்த ஊரில் இறந்த அவருடைய கல்லறையில், தமிழருக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்றே பொறிக்கப்பட்டிருக்கிறது.

இன்று எம்.பி.பி.எஸ் மாணவர்களின் தொடக்கப் பயிற்சியில் உள்ளூர் மொழியும் ஒரு பகுதி. வெளிமாநிலத்திலிருந்து இங்கே வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் தமிழ் தெரிந்த பிள்ளைகளும் நோயாளிக்குப் புரியும் தமிழைத் தனியாகக் கற்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. விளக்கி முடித்ததும் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்கக் கூடாது. அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும். நாளைக்குக் காலையில என்ன செய்வீங்கன்னு நீங்க சொல்லுங்க’ என்று கேட்க வேண்டும். சொல்லச் சொன்னால், ஆறு மணிக்கு எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு என்று வரும். அப்போது திருத்திவிடலாம். உலகம் முழுக்க நர்சிங் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத முறை இது.

பேசாத ஆசிரியர்கள்

நல்ல ஆசிரியர்கள் இதையெல்லாம் பாடத்திட்டம் வருவதற்கு முன்பே செய்தார்கள். வேலூரில் 1909-ல் நர்சிங் பயிற்சியையும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர், மருத்துவமனைக்கு வர முடியாதவர்களைத் தேடிச் சாலையோரங்களில் மரத்தடி மருத்துவ முகாம் நடத்தினார். மாணவிகளும் கூடவே போனார்கள். நோயாளியின் வீடு எங்கே, குடிக்கும் தண்ணீர் எது, சாப்பாடு என்ன என்பதை வார்டுக் கட்டிலைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது? இந்தியாவில் நர்சிங்குக்குப் பட்டப்படிப்பு 1946-ல் டெல்லியிலும் வேலூரிலும்தான் முதலில் வந்தது. பம்மல் பேத்தியின் படிப்புக்கு வேர் அங்கே இருக்கிறது.

அந்த மரத்தடி யோசனைதான் இப்போது வேறு வடிவத்தில் திரும்பியிருக்கிறது. மருத்துவ மாணவர்கள் முதல் ஆண்டிலேயே சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலம் முழுக்க அவர்களின் உடல்நலத்தைக் கவனிக்க வேண்டும் என்ற திட்டம் வந்திருக்கிறது. 2019 பாடத்திட்டத்தில் ‘நோயாளியாக இருப்பது என்றால் என்ன?’ என்றே ஒரு பாடம் உண்டு. மாணவர்கள் நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசி, பிறகு அதை வகுப்பில் விவாதிக்க வேண்டும். தானமாகக் கிடைத்த உடலே நம் முதல் ஆசிரியர் என்பது இன்னொரு பாடம். உடற்கூறு வகுப்பின் முதல் நாளில், அந்த உடலுக்கு மரியாதை தருவோம் என்று மாணவர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை இருந்தால் ஒருவர் செய்வார், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வாங்கிய பொம்மை, உடைந்துவிடும் என்ற பயத்தில் பீரோவுக்குள் தூங்கும். ரோல் பிளே நடந்ததாக ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவதும் உண்டு. சொல்லிக்கொடுக்க வேண்டிய டியூட்டருக்கும் வார்டு நர்ஸுக்கும் தலைக்கு மேல் வேலை. அன்று இந்த மாணவியைத் தனியாக விட்டதற்கு வார்டு நர்ஸை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தால், இரண்டாவது குத்தோடு அது நின்றிருக்கும். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் முயலாமல் அனுபவசாலியைக் கூப்பிட வேண்டும் என்பது நல்ல வார்டுகளின் வழக்கம். அதை யாராவது அவளுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

நோயாளிகளாகவும் உறவினர்களாகவும் நமக்கும் இதில் பங்கு உண்டு. பயிற்சி மருத்துவமனைக்குப் போகும்போது, “நீங்க ஸ்டூடன்ட்டா? பக்கத்துல சீனியர் இருக்காங்களா?” என்று கேட்பதில் தவறில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உண்டு. அதற்காக சிகிச்சை குறையக் கூடாது. சம்மதித்தால், முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். நல்லா பேசினேம்மா, ஆனா கை ரொம்ப ஜில்லுனு இருந்துச்சு என்பதுகூட ஒரு பாடம்தான். நாளைக்கு உங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஊசி போடப்போவது அந்தக் கையாக இருக்கலாம்.

இரண்டாவது கட்டில்

மறுவாரம் அதே வார்டுக்கு அவள் போனபோது பெரியவரின் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். பெரியவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார் என்றார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் ஒத்திகை பார்த்த வரிகள் அப்படியே நின்றுபோயின.

அன்று இரண்டாவது கட்டிலில் ஒரு நடுவயதுக்காரர். கட்டட வேலையில் விழுந்து கால் உடைந்தவர். டியூட்டர் மேடத்திடம் போய், “மேடம், நான் போடும்போது நீங்க பக்கத்துல நிக்கணும்” என்று கேட்டாள். அப்படிக் கேட்க அவளுக்கு ஒரு வாரம் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது. மேடம் வந்தார்.

“அண்ணா, நான் நர்சிங் படிக்கிறேன். உங்களுக்கு டிரிப்ஸ் ஊசி போடணும். மேடம் கூடவே இருக்காங்க. நான் போடட்டுமா? வேணாம்னா அவங்களே போடுவாங்க.”

அவர் அவளை ஒரு முறை பார்த்தார், மேடத்தை ஒரு முறை பார்த்தார். “எத்தனை தடவை குத்துவ?” என்று கேட்டார்.

“ரெண்டு தடவைக்கு மேல நான் குத்த மாட்டேன்ணா.”

கையை நீட்டினார். தோலை இழுத்துப் பிடித்தாள். முதல் முறை தவறியது. கையை எடுத்துவிட்டு, “சாரிண்ணா” என்றாள். மேடம் தன் விரலால் இன்னொரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். இரண்டாம் முறை சிரிஞ்ச் முனையில் சிவப்பு தெரிந்தது. பிளாஸ்டர் ஒட்டி, தேதியும் நேரமும் எழுதினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆயா டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். காலியாக இருந்தது. அதன் பிறகுதான் கேட்டார், “கேட்டியா?”

“கேட்டேன் ஆயா.”

“இன்னா சொன்னாரு?”

“எத்தனை தடவை குத்துவன்னு கேட்டாரு.”

ஆயா சிரித்த சிரிப்பில் விமானச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு எழுந்து போய், ராத்திரி மாத்திரையை எடுத்து, பேத்தியின் கண் முன்னாலேயே போட்டுக்கொண்டார். தட்டில் மிச்சமிருந்த ஆரஞ்சு, ஊசி ஓட்டைகளோடு வாடிப்போயிருந்தது. பேத்தி அதைக் குப்பையில் போட்டுவிட்டு, நாளைய வகுப்புக்கு நோட்டைத் திறந்தாள்.